கூரைமேல் பிடில்காரன் குடியேறிய ஊர்கள்



ஒரு நாடகம் தான் பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து வேறொரு தேசத்தின் மேடையில் ஏறும்போது, பாட்டும் பேச்சும் ஆட்டமும் உடையும் அணுவளவும் மாறாமல் அப்படியே கொண்டுசெல்லப்பட்டாலும், அங்கே நாம் காண்பது அதே நாடகந்தானா என்ற கேள்வியை இன்று உங்கள் முன்னிலையில் வைக்க விரும்புகிறேன். பல நாடகங்களைத் துணைக்கழைத்து இதற்கு விடை தேடலாம். ஆனால் அப்படிச் செய்தால் சொற்பொழிவு வெறும் அட்டவணையாகிவிடும் என்று அஞ்சி, ஒரேயொரு நாடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சென்று தங்கிய சில நகரங்களில் அதற்கு நேர்ந்தது என்ன என்பதை ஆராய உத்தேசித்திருக்கிறேன். 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி நியூயார்க் நகரத்து இம்பீரியல் அரங்கில் அரங்கேறிய ‘கூரைமேல் பிடில்காரன்’ என்னும் இசை நாடகமே அது. ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ என்ற ஆங்கிலப் பெயராலும், 1971இல் வெளிவந்த திரைப்படத்தாலும் உங்களிற் பலர் அதனை அறிந்திருக்கக்கூடும்.

கதை சுருக்கமானது. ருஷ்யாவில் ஜார் ஆட்சியின் அந்திமக் காலத்தில், அனதெவ்கா என்ற கற்பனைச் சிற்றூரில், பால் வியாபாரம் செய்து பிழைக்கும் தெவ்யே என்ற ஏழை யூதனுக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் ஸைட்டல், கல்யாணத் தரகு செய்யும் யென்டெ கொண்டுவந்த பணக்காரக் கசாப்புக்காரன் சம்பந்தத்தை மறுத்து, ஓர் ஏழைத் தையற்காரனை மணக்கிறாள். அடுத்தவள் ஹோடல், புரட்சிக்காரனான மாணவன் ஒருவனிடம் மனத்தைப் பறிகொடுத்து, அவன் சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டதும் அவனைத் தேடிப் போகிறாள். மூன்றாமவள் ஹாவா, யூதனல்லாத ருஷ்ய இளைஞனை மணந்து, பெற்ற தகப்பனாலேயே இறந்துபோனவளாக எண்ணி ஒதுக்கப்படுகிறாள். ஸைட்டலின் கல்யாண விருந்தில் ருஷ்யர்கள் புகுந்து அட்டூழியம் செய்வதோடு முற்பாதி முடிகிறது. யூதர் அனைவரும் மூன்று நாளுக்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்ற ராஜாங்க உத்தரவும் அதன்படி அவர்கள் புறப்படுவதுமாகப் பிற்பாதி முடிகிறது.

அந்தப் புறப்பாட்டுக் காட்சியைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். என் வாதம் முழுவதும் அதைச் சுற்றியே நிற்கிறது. மூட்டை கட்டுகிறவர்கள், தாங்கள் எங்கே போகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தெவ்யேயும் மனைவி கோல்டேயும் கடைக்குட்டிப் பெண்கள் இருவரும் அமெரிக்காவுக்கு. கசாப்புக்காரன் லாசர் வுல்ஃப் சிகாகோவுக்கு. தரகுக்காரி யென்டெ யூதரின் புண்ணிய பூமிக்கு. ஸைட்டலும் அவள் கணவனும், கப்பற்கூலி சேரும் வரையில் வார்சாவுக்கு. ஹாவாவும் அவள் கணவனும் க்ராக்கோவுக்கு. பாத்திர பண்டங்களைக் கட்டுகிற சந்தடிக்கிடையே, விசேஷ அழுத்தம் ஏதுமின்றிச் சொல்லப்படும் ஊர்ப்பெயர்கள் இவை. இவற்றை நாடகாசிரியர் எழுதினாரே தவிர, எழுதி முடிக்கவில்லை. அரங்கம் எந்த நகரத்தில் நிற்கிறதோ அந்த நகரமே எழுதி முடிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதை நிறுவுமுன் அமெரிக்க நாடக வழக்கம் ஒன்றை விளக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நம் ஊர்களில் ஸ்பெஷல் நாடகமாக நடக்கும்போது, ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோரூரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து சேர்வார்கள். பாட்டும் கதையும் பொதுச் சொத்து, தர்க்கமும் சாமர்த்தியமும் அவரவர் சொத்து. அமெரிக்க இசை நாடகம் இதற்கு நேர்மாறானது. எழுத்தும் இசையும் மட்டுமல்லாமல், நர்த்தனத்தின் அடவுகளும் அரங்க அமைப்பும்கூட இன்னாருடைய சிருஷ்டி என்று சட்டத்தால் காக்கப்பட்டவை. ‘பிடில்காரன்’ வெளிநாடுகளுக்குச் சென்ற ஆரம்ப ஆண்டுகளில், அதை இயக்கி நர்த்தனமும் வகுத்த ஜெரோம் ராபின்ஸின் உதவியாளர்கள் உடன் சென்று, நியூயார்க்கில் நடந்தது போலவே யார் எங்கே நிற்க வேண்டும், எந்தத் தாளத்தில் எந்தக் கால் எழ வேண்டும் என்று கற்பித்தார்கள். ஆகவே இந்நாடகம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது: மேடையில் உள்ளதைக் கூடியமட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, எதிரே அமர்ந்திருப்பவர்களை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை அது காட்டுகிறது.

மூலக்கதைகளை எழுதியவர் ஷோலம் அலைக்கெம். 1859இல் பிறந்து 1916இல் நியூயார்க்கில் காலமான அவர், இத்திஷ் மொழியில் ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம், 1894 முதல் 1914 வரையில், விட்டுவிட்டுத் தெவ்யேயின் கதைகளை எழுதினார். அக்கதைகளில் பால்காரன் நேரே ஆசிரியரிடமே பேசுகிறான்; வேதவாக்கியங்களைப் பாதி சரியாகவும் பாதி தன் சௌகரியத்துக்காகவும் எடுத்துச் சொல்லிக்கொண்டு, தன் துக்கத்தை ஹாஸ்யமாகக் கொட்டித் தீர்க்கிறான். நாடகத்தைவிடக் கதைகள் மிகக் கடுமையானவை. ஒரு பெண் நீரில் மூழ்கி உயிர் விடுகிறாள், கோல்டே இறந்துவிடுகிறாள், மூத்த பெண் விதவையாகிறாள், ஹாவாவோ கணவனை விட்டுத் தகப்பனிடமே திரும்பி வந்துவிடுகிறாள். அமெரிக்காவுக்குப் போகிற ஆறுதல் அந்தத் தெவ்யேக்குக் கிடையாது. வசனம் எழுதிய ஜோசப் ஸ்டைனும், பாட்டெழுதிய ஷெல்டன் ஹார்னிக்கும், இசையமைத்த ஜெர்ரி பாக்கும் இவற்றைக் குறைத்தும் மென்மைப்படுத்தியுமே நாடகமாக்கினார்கள். கோல்டே பிழைத்தாள், ஹாவா கணவனோடு நின்றாள், தகப்பன் அவள் முகம் பாராமலே மூத்தவள் மூலமாக ஓர் ஆசியை முணுமுணுத்தான். இது குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. இன்னாருக்காக இது எழுதப்பட்டது என்பதை அந்த மாற்றங்களே தெரிவிக்கின்றன.

அந்த இன்னார், நியூயார்க்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த யூதக் குடிவரவாளரின் பிள்ளைகளும் பேரர்களும் ஆவர். ராபின்ஸே அவர்களில் ஒருவர். அவருடைய பிறப்புப் பெயர் ராபினோவிட்ஸ். ஷோலம் அலைக்கெம் என்பதும் புனைபெயர்தான். அவருடைய குடும்பப் பெயரும் ராபினோவிட்ஸே. சிறுவனாக, 1924இல், தாயுடன் போலந்திலிருந்த தம் மூதாதையரின் சிற்றூருக்குச் சென்று வந்த ஞாபகம் ராபின்ஸின் உள்ளத்தில் நெடுங்காலம் இருந்தது; அவ்வகைச் சிற்றூர்கள் அனைத்தும் இரண்டாம் உலக யுத்தத்தில் அழிந்துபோயின. ஒத்திகைக்கு முந்தைய மாதங்களில் அவர் தம் கூட்டாளிகளிடம், இந்த நாடகம் எதைப் பற்றியது என்று திரும்பத் திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்தார் என்றும், பெண்களைப் பெற்ற பால்காரனைப் பற்றியது என்ற விடையில் திருப்தியுறாமல், ஒரு சம்பிரதாயம் குலைவதைப் பற்றியது என்ற விடை வந்த பிறகே ஓய்ந்தார் என்றும் உடன் உழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த விடையை அவர் வட்டமாக்கினார். தொடக்கத்தில் ஊரார் கைகோத்து வட்டமாகச் சுழல்கிறார்கள். முடிவில் அதே வட்டம் மறுபடி கூடி, ஒவ்வொருவராக உதிர்ந்து இருளில் கலைகிறது. கீவ் நகரில் பிறந்த போரிஸ் அரான்சன், ஷாகாலின் ஓவியங்களை அடியொற்றிய வீடுகளைச் சுழல்மேடையில் அமைத்து அந்த வட்டத்துக்கு உருக்கொடுத்தார். கல்யாண விருந்தில் தலைமேல் புட்டியை நிறுத்தி ஆடும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை: புட்டி தொப்பியில் ஒட்டப்பட்டதன்று, ஆடுகிறவனின் கழுத்தும் முதுகுமே அதைத் தாங்க வேண்டும், விழுந்தால் விழவேண்டியதுதான் என்பது ராபின்ஸின் பிடிவாதம். வித்தையை வித்தையாகவே காட்ட வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

தெவ்யேயாக நடித்த ஸீரோ மாஸ்டல் மகா நடிகர். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் திரைப்பட வேலை மறுக்கப்பட்டவர். ராபின்ஸோ, 1953இல் அதே வேட்டைக் குழுவின் முன் சாட்சி சொல்லிப் பிறர் பெயர்களை வெளியிட்டவர். இருவரும் ஒரே ஒத்திகை அறையில் எவ்வாறு வேலை செய்தார்கள் என்பது தனியொரு சொற்பொழிவுக்குரிய விஷயம்; இங்கே அதை விட்டுவிடுகிறேன். நியூயார்க்கில் நாடகம் 3,242 முறை நடந்து, 1972இல் நின்றபோது பிராட்வேயில் அதுவரை மிக நீண்டகாலம் ஓடிய நாடகம் என்ற கீர்த்தியைப் பெற்றிருந்தது. அதன் காரணங்களிற் பல இசையிலும் ஹாஸ்யத்திலும் உள்ளன; ஆனால் ஒரு காரணம் கடைசிக் காட்சியில் உள்ளது. அமெரிக்காவுக்குப் போகிறேன் என்று தெவ்யே சொல்லும்போது, அந்த அரங்கில் அதன் பொருள், உங்களிடந்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்பதே. பார்வையாளர் தம் பாட்டன் வண்டியிழுத்துப் புறப்படுவதைப் பார்க்கிறார்கள். அந்த வண்டி எங்கே சேரும் என்பது அவர்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியாலேயே தெரிகிறது. துக்கம் உண்டு, ஆனால் அது நல்லபடியாக முடிந்த துக்கம். வார்சாவுக்குப் போகிற ஸைட்டலைப் பற்றி அவர்களுக்கு ஒரு கணம் நெஞ்சு துணுக்குற்றிருக்கும். மேடை அவர்களை அங்கே நிற்கவிடாமல் தெவ்யேயின் பின்னே அழைத்துக்கொண்டு போய்விடுகிறது.

மறுவருஷமே, 1965இல், ஜியோரா கோதிக் என்ற நாடக முதலாளி அதை ஹீப்ரு மொழியில் இஸ்ரேலுக்குக் கொண்டுவந்தார். அங்கே அந்தக் காட்சி தலைகீழாகிறது. தெவ்யே புண்ணிய பூமிக்கு வரவில்லை. யூதர்களின் புது ராஜ்ஜியமாகப் போகிற மண்ணுக்கு வருகிறவள், ஊர்வம்பு பேசித் திரியும் யென்டெ ஒருத்திதான்! அக்கால இஸ்ரேல் பொதுவாக அந்தக் கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர் வாழ்வைப் பற்றிப் பெருமைப்படவில்லை; குனிந்து வாழ்ந்த வாழ்வென்றும், உதறிவிட்டு வரவேண்டிய வாழ்வென்றும் எண்ணியது. இத்திஷ் மொழிக்கு அங்கே மரியாதை இல்லை. ஹீப்ருவே ராஜ்ஜிய பாஷை. எனவே தெவ்யே தன் சொந்த மொழியை விட்டு ஹீப்ருவில் பேசியபோது, நியூயார்க்கில் பாட்டனாக இருந்தவன் இங்கே பிரிந்துபோன ஒன்றுவிட்ட அண்ணனைப் போல ஆனான்: அன்புக்குரியவன், ஆனால் தவறான கப்பலில் ஏறியவன். ஷ்ராகா ஃப்ரீட்மன் இத்திஷ் மொழியில் பெயர்த்த வடிவமும் பின்பு அங்கே மேடையேறிற்று; அது அதிக காலம் நடக்கவில்லை. அம்மொழிபெயர்ப்பு ஐம்பதாண்டு கழித்து எங்கே உயிர்பெற்றது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோதிக்கின் நாடகம் நடந்த இடம் யாஃபா நகரத்து அல்ஹம்பரா அரங்கு. அது 1937இல், யாஃபா அரபு நகரமாக இருந்தபோது, சினிமாக் கொட்டகையாகக் கட்டப்பட்டது. 1948ஆம் ஆண்டு யுத்தத்தில் அவ்வூர் அரபு மக்களிற் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டு அகன்று அகதிகளானார்கள். வீட்டை விட்டு மூன்று நாளில் வெளியேறுகிற மனிதர்களின் கதை அந்தக் கட்டடத்தில் நடிக்கப்பட்டபோது, அரங்கில் இருந்தவர்களில் எவரேனும் சுவரை நிமிர்ந்து பார்த்திருப்பார்களா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இது மேடைக்கு வெளியே உள்ள விஷயம் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அரங்கம் எங்கே நிற்கிறது என்பதையே பேசவந்த எனக்கு அது வெளியே உள்ளதாகத் தோன்றவில்லை.

லண்டனைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1967 பிப்ரவரியில் ஹர் மெஜஸ்டீஸ் அரங்கில் தொடங்கி 2,030 முறை நடந்த அந்நாடகம், டெல் அவீவில் பிறந்த டோப்பால் என்ற இளைஞரை உலகறியச் செய்தது. முப்பத்தொரு வயதில் நரைத்த தாடியைச் சூடிய அவர் உயரமும் உறுதியும் உள்ளவர். மாஸ்டலின் தெவ்யே கண்ணைச் சுழற்றிச் சிரிக்கவைத்தான் என்றால், டோப்பாலின் தெவ்யே மண்ணில் காலூன்றி நின்றான். அவ்வருஷம் ஜூன் மாத யுத்தம் மூண்டதும் அவர் நாடகத்தை விட்டுவிட்டு இஸ்ரேலுக்கு விமானமேறினார். நார்மன் ஜூவிசன் திரைப்படத்துக்கு மாஸ்டலை விட்டு டோப்பாலைத் தேர்ந்ததனால், உலகில் பெரும்பாலோருக்கு இன்று தெவ்யே என்றாலே அந்த உருவந்தான்.

அதற்கு முன்பே, 1966இல், ஆம்ஸ்டர்டாமில் நாடகம் நடந்தது; நாஜிகளின் ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து தன் யூதக் குடிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கினரை இழந்திருந்தது. 1968இல் ஹாம்பர்க் நகரத்து ஆப்பரேட்டன்ஹவுஸ் அரங்கில், ஊரின் பெயரால் ‘அனதெவ்கா’ என்று அழைக்கப்பட்டு, ஜெர்மன் மொழியில் அது மேடையேறியது. யுத்தம் முடிந்து இருபத்துமூன்று வருஷந்தான் ஆகியிருந்தது. அரங்கில் இருந்த நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும், அந்த இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்பு தாம் எங்கே இருந்தோம் என்பது நன்கு தெரியும். தெவ்யேயாக வந்தவர் இஸ்ரேலிலிருந்து அழைக்கப்பட்ட ஷ்மூவல் ரோதென்ஸ்கி; பழைய ருஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். ராபின்ஸ் வகுத்த அடவுகளே அங்கும். அதே புட்டி ஆட்டம், அதே வட்டம். ஆனால் ஸைட்டல் வார்சாவுக்கும் ஹாவா க்ராக்கோவுக்கும் போகிறார்கள் என்ற சாதாரண வாக்கியம் ஜெர்மன் மொழியில் ஜெர்மானியரிடம் சொல்லப்படும்போது, நாடகம் நியூயார்க்கில் முடிந்த இடத்தில் அங்கே முடிவதில்லை. 1905ஆம் ஆண்டையொட்டி வார்சாவில் குடியேறும் இளம் தம்பதிகளுக்கும் அவர்கள் கைக்குழந்தைக்கும் 1942இல் என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போடப் பார்வையாளருக்கு அதிக நேரம் பிடிக்காது.

எனினும் ஹாம்பர்க்கின் வெற்றியை நான் முழு மனத்துடன் கொண்டாடமாட்டேன். கல்யாண விருந்தில் புகுந்து மேசையைக் கவிழ்ப்பவர்களும், உத்தரவைக் கொண்டுவருபவனும் ருஷ்யர்களே. ஆகவே ஜெர்மானியப் பார்வையாளர் யூதனுக்காகக் கண்ணீர் விடவும், குற்றத்தை ஜாரின் கணக்கில் எழுதிவிட்டு வீடு திரும்பவும் நாடகம் வசதி செய்து கொடுத்தது. அந்தக் கண்ணீர் பொய்யென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அது சற்று மலிவாகக் கிடைத்தது என்று மட்டும் சொல்வேன். அடுத்த வருஷம் வியன்னாவில், தியேட்டர் ஆன் டேர் வீன் அரங்கில், புதைபொருள் ஆராய்ச்சியாளர் இகயேல் யாதினின் சகோதரரான யோஸி யாதின் தெவ்யேயாக நடித்தபோதும் இதே வசதி இருந்தது. பிரதியெடுத்துப் போடுவதன் ஆபத்து இதுதான்: நியூயார்க்குக்கென்று அளந்து தைத்த ஆறுதல், அதற்குப் பாத்தியதை இல்லாத ஊரிலும் அப்படியே வழங்கப்பட்டுவிடுகிறது.

ஆதலால் பிரதியெடுக்க மறுத்த ஒருவரிடம் வருகிறேன். கிழக்கு பெர்லினில் 1947இல் கோமிஷே ஓப்பர் என்ற இசையரங்கை நிறுவி, பாடுவதும் நடிப்பதும் இருவேறு தொழில்களல்ல என்று வாழ்நாள் முழுதும் வாதாடிய வால்ட்டர் ஃபெல்சென்ஸ்டைன், 1971 ஜனவரியில் இந்நாடகத்தைத் தம் வழியில் இயக்கினார். கிழக்கு ஜெர்மனி அப்போது கம்யூனிஸ்ட் ராஜ்ஜியம். இஸ்ரேலுடன் ராஜீய உறவு இல்லாதது. பிராட்வே என்றாலே முதலாளித்துவக் கேளிக்கை என்று முகஞ்சுளிப்பது. ருஷ்யர்களை யூதரை வதைப்பவர்களாகக் காட்டுவது சோவியத் ராணுவம் முகாமிட்டிருந்த நகரத்தில் எளிய காரியமன்று. ஃபெல்சென்ஸ்டைன் ஒவ்வொரு ஊராளுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கவேண்டும் என்று நம்புகிற இயக்குநர். கூட்டமாக வந்து கூட்டமாகப் பாடுவது அவருக்குப் பிடிக்காது. பாடகரான ருடால்ஃப் அஸ்முஸ் தெவ்யேயாக நடித்தார். அந்நாடகம் 1980களின் பிற்பகுதி வரையில் ஐந்நூறு முறைக்குமேல் அங்கே நடந்தது. யூதர்களைப் பற்றிப் பொதுவில் அதிகம் பேசாத ஒரு தேசத்தில், ஒரு தலைமுறைக்கு யூத வாழ்வை நேரில் கண்ட அனுபவம் என்று இருந்தது இந்த மேடையே என்றால் அது மிகையாகாது.

அதே அரங்கில், 2017 டிசம்பரில், அதன் எழுபதாம் ஆண்டையொட்டி பேரி கோஸ்கி என்ற இயக்குநர் நாடகத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார். அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த யூதர். அவருடைய பாட்டன் வழி பேலாரஸ் பகுதியின் சிற்றூர் ஒன்றுக்குப் போகிறது. திரை எழும்போது மேடையில் ஷாகாலின் வீடு ஒன்றும் இல்லை. இக்காலத்துச் சிறுவன் ஒருவன் சறுக்குவண்டியில் வந்து, பழைய மர அலமாரி ஒன்றைத் திறக்கிறான். உள்ளே ஒரு பிடில் இருக்கிறது. பின்பு மேடை நிறைய அலமாரிகள். ஒன்றன்மேல் ஒன்றாக மலைபோல் குவிந்த பீரோக்கள். அவற்றின் கதவுகளிலிருந்து அனதெவ்காவின் மனிதர் வெளிவருகிறார்கள், அவற்றுக்குள்ளேயே திரும்பிப் போகிறார்கள். பிற்பாதியில் அலமாரிகள் மறைந்து வெறும் மேடையில் பனி பெய்கிறது. இதை நான் ஃபெல்சென்ஸ்டைனுடையதைவிட மேலானதாக மதிக்கக் காரணம் அதன் நூதனம் அன்று. அந்தக் கட்டடம் 1933க்கு முன்பு மெட்ரோபோல் என்ற பெயரில் இசை நாடகம் நடந்த இடம். அங்கே பாட்டெழுதியும் பாடியும் ஜனங்களை மகிழ்வித்த யூதக் கலைஞர் பலர் நாஜி ஆட்சி வந்ததும் துரத்தப்பட்டார்கள். பெர்லின் நகரத்து வீடுகளில், உடையவர் போய்விட்ட பிறகு அலமாரிகள் நின்றன. வேறு யாரோ அவற்றைத் திறந்தார்கள். பெர்லினில் அலமாரியைக் காட்டுகிறவர் ருஷ்யாவைக் காட்டவில்லை. குற்றத்தை ஜாரின் தலையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும் வசதியைக் கோஸ்கி யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு பீரோவைக் கண்டு அந்த அளவுக்குப் பயம் வருமென்று ராபின்ஸுக்கே தோன்றியிருக்காது.

நாடகத்தின் தாயகமும் சும்மா இருக்கவில்லை. 2004இல் டேவிட் லெவோ என்ற ஆங்கிலேயர் நியூயார்க்கில் மரங்களும் தொங்கும் விளக்குகளுமாக அழகிய மேடையமைத்து இயக்கியபோது, அதில் யூத வாடை போதவில்லை என்ற குறை பெரிதாக எழுந்தது. பாட்டன் வீட்டில் பழைய மேசையை நகர்த்தினாற்கூடப் பேரர்களுக்குப் பொறுப்பதில்லை. 2015இல் பார்ட்லெட் ஷெர் என்ற இயக்குநர், தெவ்யேயாக நடித்தவரை இக்காலச் சிவப்பு மழைச்சட்டை அணிந்த ஒருவனாக முதலில் கொண்டுவந்து நிறுத்தி, ஐரோப்பாவின் எல்லைகளில் அப்போது நடந்துகொண்டிருந்த அகதிகளின் யாத்திரையை நினைவூட்டினார். அமெரிக்காவுக்குப் போகிறேன் என்ற வாக்கியம், வரவேற்கும் வீட்டின் வாக்கியமாக இல்லாமல், கதவு திறக்குமா என்று கேட்கும் வாக்கியமாக அன்று மாறிற்று.

ஆனால் 2018இல் நடந்ததுதான் விசேஷமானது. நியூயார்க்கின் யூதப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில், ஃபோக்ஸ்பீனே என்னும் இத்திஷ் நாடகக் குழு, நான் முன்பு குறிப்பிட்ட ஷ்ராகா ஃப்ரீட்மனின் மொழிபெயர்ப்பை எடுத்து, ஜோயல் கிரேயின் இயக்கத்தில் நடத்தியது. பணக்காரனாக இருந்தால் என்ன செய்வேன் என்று தெவ்யே கனவு காணும் புகழ்பெற்ற பாட்டு, அதில் ராத்சைல்ட் என்னும் கோடீஸ்வரனின் பெயரைத் தாங்கி, ஷோலம் அலைக்கெம் எழுதிய பழைய கற்பனைக்கே திரும்பிவிட்டது. மேடையின் பின்புறம் தோரா என்ற வேதத்தின் பெயர் ஹீப்ரு எழுத்துகளில் எழுதிய ஒரு திரை. கல்யாண விருந்துக் கலவரத்தில் அது கிழிக்கப்படுகிறது. பிற்பாதியில் அதைத் தைத்து மாட்டியிருக்கிறார்கள், தையல் கண்ணுக்குத் தெரிகிறது. மூலமொழியில் நடந்ததால் இதுவே உண்மையான ‘பிடில்காரன்’ என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த நாடகத்தின் மூலம் ஆங்கிலந்தான். பார்வையாளரோ மேடையைப் பார்ப்பதும், சுவரில் ஓடும் ஆங்கில, ருஷ்ய எழுத்துகளைப் படிப்பதுமாக இருந்தார்கள். தெவ்யே அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தான் என்பது உண்மை. வந்து சேர்ந்ததற்கு அவன் கொடுத்த விலை, அவன் பேசுவது அவன் பேரனுக்குப் புரிவதற்குச் சுவரெழுத்து வேண்டியிருந்ததுதான். 1964இல் மறைத்துவைத்த அந்த விலையை இந்த நடிப்பு வெளியில் வைத்தது.

கடைசியாக டோக்கியோ. அதைக் கடைசிக்கு நிறுத்தக் காரணம், அது என் வாதத்துக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. 1967 செப்டம்பரில் டோஹோ கம்பெனியார் தங்கள் இம்பீரியல் அரங்கில் இதை ஜப்பானிய மொழியில் அரங்கேற்றினார்கள். மொரிஷிகே ஹிஸாயா தெவ்யே, கொஷிஜி ஃபுபுகி கோல்டே. அப்போது அங்கே சென்றிருந்த ஜோசப் ஸ்டைனிடம் ஜப்பானியத் தயாரிப்பாளர் ஒருவர், இவ்வளவு ஜப்பானியத்தன்மையுள்ள நாடகத்தை அமெரிக்காவில் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டாராம். ஸ்டைன் வாழ்நாளெல்லாம் இதைச் சொல்லி மகிழ்ந்தார். வார்சா, க்ராக்கோ என்னும் பெயர்கள் டோக்கியோவில் வெறும் பெயர்களே. அங்கே நாடகத்தின் பளு முற்பாதிக்கு, பெண்ணின் கல்யாணத்துக்கு, நகர்ந்துவிட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். தரகர் பேசிமுடிக்கும் மியாய் கல்யாணங்களைக் காதற் கல்யாணங்கள் எண்ணிக்கையில் மிஞ்சத் தொடங்கியது ஜப்பானில் அந்த 1960களின் பிற்பகுதியில்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸைட்டலும், அவள் முன் வாயடைத்து நிற்கும் ஒரு தெவ்யேயும் இருந்தார்கள்.

இந்த விளக்கம் சரியானது, ஆனால் போதாது. கல்யாணப் பிரச்சினை மட்டுமே காரணமென்றால், மொரிஷிகே 1986 வரையில் 900 முறை அந்த வேஷத்தில் மேடையேறி, ஜனங்கள் அவரைப் பார்க்க வந்துகொண்டே இருந்ததற்கு அது பற்றாது. அவருடைய வாழ்க்கையில் ஒரு செய்தி இருக்கிறது. இளமையில் அவர் ஜப்பானிய வானொலியின் அறிவிப்பாளராக மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1945 ஆகஸ்டில் சோவியத் படைகள் உள்ளே வர, ஜப்பானும் தோற்றது. மஞ்சூரியாவில் குடியேறியிருந்த பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜப்பானியர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, வழியில் பெரியோரையும் பிள்ளைகளையும் இழந்து, தாயகம் திரும்பினார்கள். அப்படி 1946இல் திரும்பியவர்களில் மொரிஷிகேயும் ஒருவர். வண்டியில் சட்டிபானைகளை ஏற்றி, ருஷ்ய அதிகாரி விதித்த கெடுவுக்குள் ஊரை விட்டுப் புறப்படும் குடும்பத்தலைவனை நடிக்க, அவர் யாரிடமும் போய்ப் பாடங்கேட்டிருக்க வேண்டியதில்லை. 1967இலும் அதற்குப் பின்னரும் அந்த அரங்கில் அமர்ந்தவர்களிலும் அத்தகையோர் இருந்தார்கள்.

இங்கே ஒரு பேதத்தை மறைத்தல் ஆகாது. அனதெவ்காவின் யூதர் எவரையும் ஆண்டவர்கள் அல்லர். மஞ்சூரியாவின் ஜப்பானியரோ, பிறர் மண்ணைப் பிடித்த சாம்ராஜ்ஜியத்தின் நிழலில் குடியேறியவர்கள். அவர்கள் வந்தபோது சீனக் குடியானவர்கள் நிலத்தை விட்டு விலக்கப்பட்டார்கள். மூட்டையும் வண்டியும் ஒன்றுபோல் இருப்பதால் துரத்தப்பட்ட காரணமும் ஒன்றாகிவிடாது. நாடகம் அந்தக் காரணத்தைக் கேட்பதில்லை. மேடையில் தெரிவது புறப்படுகிறவனின் முதுகு மட்டுமே. ஹாம்பர்க்கில் கிடைத்தது போன்ற மலிவான ஆறுதல் டோக்கியோவிலும் வேறொரு வாசல் வழியாகக் கிடைத்திருக்கலாம் என்று நான் சந்தேகிக்கிறேன்.

மொரிஷிகேக்குப் பின் அந்த வேஷத்தை ஏற்றவர்களில் நிஷிதா தொஷியுகி 1947இலும், 2004 முதல் நடித்துவரும் இச்சிமுரா மாசாச்சிகா 1949இலும் பிறந்தவர்கள். அவர்களுக்கு மஞ்சூரியா தெரியாது. அரங்கில் இருக்கும் இளையோருக்கு மியாய் கல்யாணமும் பெரும்பாலும் பாட்டிமார் சொல்லும் கதையே. ஆயினும் டோஹோ கம்பெனியார் சில வருஷங்களுக்கொருமுறை அதை எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அரங்கும் நிறைகிறது. இப்போது அங்கே அது தெவ்யேயை நம்பி நடக்கிறதா, மொரிஷிகேயை மறக்காத ஞாபகத்தை நம்பி நடக்கிறதா என்பதை ஒரு ஜப்பானிய விமரிசகர்தாம் சொல்ல வேண்டும். என் யூகத்தைக் கேட்டால், அனதெவ்காவைப் போலவே 1967ஆம் ஆண்டு டோக்கியோவும் அந்த ரசிகர்களுக்கு இப்போது திரும்பிப் போக முடியாத ஓர் ஊராகிவிட்டது என்பேன்.